ஸ்பான்சர் விலகுகிறார், யாரை விட்டு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விளையாட்டு வீரர் ஒருவர் அரசியல் காரணத்துக்காக எதிர்ப்புக் காட்டினால் போதும், ‘ஸ்பான்சர்கள் ஓட்டம்’ என்று தலைப்புகள் வந்துவிடுகின்றன. யாருடைய ஒப்பந்தம் முறிந்தது என்பதைத்தான் யாரும் எழுதுவதில்லை. லீக்குக்கு ஓர் ஒப்பந்தம், அணிக்கு ஒன்று, தனி வீரருக்கு ஒன்று என மூன்று வகை உண்டு. பெரும்பாலும் அறுபடுவது மூன்றாவதுதான்.

அமெரிக்க வகைக் கால்பந்தின் லீக்கான என்.எஃப்.எல்.லையே பாருங்கள். கறுப்பின மக்கள் மீதான போலீஸ் வன்முறையைக் கண்டித்து, 2016இல் சான் பிரான்சிஸ்கோ அணி வீரர் காலின் கேப்பர்னிக் தேசிய கீதத்தின்போது எழுந்து நிற்க மறுத்தார். அந்த செப்டம்பர் 8 அன்று டென்வர் அணியின் பிராண்டன் மார்ஷலும் மண்டியிட்டார். மறுநாளே ஒரு கூட்டுறவுக் கடன் நிறுவனம் அவரைக் கைவிட்டது. சில நாட்களில் சென்சுரிலிங்க் என்ற தொலைத்தொடர்பு நிறுவனமும் விலகியது. இதே சென்சுரிலிங்கின் பெயர்தான் அப்போது சியாட்டில் அணியின் மைதானத்தில் இருந்தது. 2017இல் அந்த அணியின் மைக்கேல் பென்னட் கீதத்தின்போது உட்கார்ந்தே இருந்தார். மைதானத்தின் பெயர் அப்படியேதான் இருந்தது.

வியப்பதற்கு ஒன்றுமில்லை. மைதானப் பெயர் உரிமை பல ஆண்டுகளுக்கானது, இடையில் முறித்தால் இழப்பீடு தர வேண்டிவரும். தனி வீரர் ஒப்பந்தம் சிறியது. ஒரு நோட்டீஸில் முடிந்துவிடும்.

லீக்கை விட்டே போன நிறுவனம் என்று எல்லோரும் காட்டுவது பாப்பா ஜான்ஸ். 2010 முதல் லீக்கின் அதிகாரபூர்வ பீட்சா. வீரர்களின் எதிர்ப்பை லீக் தலைமை சரியாகக் கையாளாததே விற்பனைச் சரிவுக்குக் காரணம் என்று 2017 நவம்பரில் அதன் தலைவர் பழிசொன்னார்; 2018 பிப்ரவரியில் லீக் ஒப்பந்தம் முடிந்தது. மறுநாளே அந்த இடத்தில் பீட்சா ஹட். ஒரு பொருள் வகைக்கு ஒரே நிறுவனம் என்பது விதி. ஆகவே ஒருவர் எழுந்தால் போட்டியாளர் உட்காரக் காத்திருப்பார். பாப்பா ஜான்ஸும் 22 அணிகளுடனான ஒப்பந்தங்களை வைத்துக்கொண்டுதான் வெளியேறியது!

தொலைக்காட்சிப் பார்வையாளர் எண்ணிக்கை 2017இல் சுமார் 10 சதவீதம் சரிந்தது உண்மை. சரிவுக்குப் பல காரணங்கள் சொல்லப்பட்டன. அந்த விவாதத்துக்குள் போகவில்லை. சிபிஎஸ், ஃபாக்ஸ், என்பிசி ஆகிய சேனல்களின் ஒளிபரப்பு ஒப்பந்தங்கள் 2011இலேயே கையெழுத்தாகி 2022 வரை நீடித்தன. அதனால் லீக்குக்கு வரவேண்டிய தொகை குறையவில்லை. உறுதியளித்த பார்வையாளர் எண்ணிக்கை வராவிட்டால், விளம்பரதாரருக்கு இலவச விளம்பர நேரம் கொடுத்து ஈடுசெய்வது சேனலின் பாடு.

வருமானத்துக்கு ஒரே தூணை நம்பும் விளையாட்டின் நிலை வேறு. 2022 அக்டோபரில் ஆஸ்திரேலிய நெட்பால் (கூடைப்பந்து போன்ற ஒரு விளையாட்டு) அணி வீராங்கனைகள், பழங்குடியினரான சக வீராங்கனை டொனெல் வாலமுக்கு ஆதரவாக, ஹான்காக் சுரங்க நிறுவனத்தின் பெயர் பொறித்த சீருடையை ஏற்கத் தயங்கினார்கள். அந்நிறுவனத்தின் நிறுவனர் 1984இல் பழங்குடியினரைப் பற்றி இழிவாகச் சொன்னதே காரணம். நிறுவனம் 1.5 கோடி ஆஸ்திரேலிய டாலர் ஸ்பான்சர் ஒப்பந்தத்தை விலக்கிக்கொண்டது. கொரோனா கால நட்டத்தில் தவித்த நெட்பால் அமைப்புக்கு அது பேரிடி. அதே மாத இறுதியில் விக்டோரியா மாநிலச் சுற்றுலா அமைப்பு அதே தொகையோடு வந்ததால்தான் தப்பித்தார்கள்.

வீரர்களும் அவர்களுடைய முகவர்களும் படிக்க வேண்டியது, வீரரின் நடத்தையைக் காரணம் காட்டி ரத்துசெய்ய இடம்தரும் நன்னடத்தைப் பிரிவை. பிட்ஸ்பர்க் அணியின் ரஷார்ட் மென்டன்ஹாலுக்கு ஹேன்ஸ்பிராண்ட்ஸ் என்ற ஆடை நிறுவனத்துடன் இருந்த ஒப்பந்தத்தில், குற்ற வழக்கு வந்தால் மட்டுமே ரத்து என்று முதலில் இருந்தது. 2010இல் நீட்டித்தபோது, பொதுமக்கள் மத்தியில் அவப்பெயர் ‘ஏற்படுத்தக்கூடிய’ எந்தச் சம்பவமும் போதும் என்று மாறியது. பின்லேடன் கொல்லப்பட்டதையொட்டி 2011 மே மாதம் அவர் இட்ட ட்வீட்களுக்காக ஒப்பந்தம் ரத்தானது. வழக்குப் போட்டார். கருத்து பிடிக்கவில்லை என்பதற்காக மட்டும் ரத்துசெய்ய முடியாது, நல்லெண்ணத்தோடு நடந்தாக வேண்டும் என்று கூறி, வழக்கைத் தொடக்கத்திலேயே தள்ளுபடி செய்ய 2012இல் நீதிமன்றம் மறுத்தது. பிறகு சமரசம்.

‘ஏற்படுத்தக்கூடிய’ என்பதை ‘ஏற்படுத்திய’ என்று மாற்றச் சொல்லுங்கள். அப்போது கெட்டபெயர் உண்மையில் வந்ததா என்று நிரூபிக்கும் சுமை நிறுவனத்தின் மேல் விழும். ‘நிறுவனத்தின் முடிவே இறுதியானது’ என்ற வரியை அடித்துவிடுங்கள். 30 நாள் எழுத்துவழி நோட்டீஸ் கேளுங்கள். செய்து முடித்த விளம்பரத்துக்கான தொகையைத் திருப்பிக் கேட்கக்கூடாது என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும். பலர் கோட்டைவிடுவது இங்கேதான். ஒப்பந்தம் முடிந்த நாளிலிருந்து உங்கள் படத்தை அவர்கள் பயன்படுத்தக்கூடாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்