சகுரா கட்சி அக்காவுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள அக்கா,

'நருடோ' மங்காவின் (ஜப்பானியப் படக்கதை) நாயகன், நிஞ்சா பையன் நருடோவுக்கு அவன் தோழி சகுராதான் பொருத்தம் என்று நீ இன்னும் ஒற்றைக்காலில் நிற்கிறாய். 2014 நவம்பரிலேயே 700 அத்தியாயங்களோடு மங்கா முடிந்துவிட்டது. நருடோவுக்கு, அவனைச் சின்ன வயதிலிருந்தே விரும்பிய ஹினாட்டாவோடு கல்யாணம், இரண்டு பிள்ளைகள் எல்லாம் ஆகிவிட்டது. ஆனால் கதாசிரியர் கிஷிமோட்டோவே முடித்து வைத்துவிட்டார் என்று சொல்லி உன் வாயை அடைக்க எனக்கு விருப்பமில்லை. கதைக்குள்ளேயே நின்று பேசுவோம்.

சகுராவின் பாசத்தை நான் குறைத்துச் சொல்லவே மாட்டேன். வில்லன் மதாரா, நருடோவின் உடலுக்குள் அடைபட்டிருந்த குராமா என்ற நரி மிருகத்தை உருவி எடுத்த பிறகு, நருடோவின் விலாவைக் கீறிக் கையை உள்ளே விட்டு, இதயத்தைத் தன் கையாலேயே பிசைந்து அவனை உயிரோடு வைத்திருந்தவள் அவள். அந்த இடத்தில் எனக்கும் கண் கலங்கும். ஆனால் 469ஆம் அத்தியாயத்தையும் நினைத்துப் பார். இரும்பு நாட்டுப் பனியில் சகுரா தேடி வந்து, "உன்னைப் பிடித்திருக்கிறது" என்கிறாள். சின்ன வயதிலிருந்து அவன் ஏங்கிய வார்த்தை அது. அவன் துள்ளிக் குதித்திருக்க வேண்டாமா? தனக்குத்தானே பொய் சொல்லிக்கொள்பவர்களைப் பிடிக்காது என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டான். அவள் காதலித்த, ஊரைவிட்டுப் போன நண்பன் சாசுகேயைக் கூட்டி வருவேன் என்று கொடுத்த வாக்கிலிருந்து அவனை விடுவிக்கத்தான் அவள் அப்படிச் சொன்னாள். நோக்கம் நல்லதுதான். ஆனால் அந்த வாக்கைச் சுமப்பதில்தான் நருடோ நருடோவாக இருக்கிறான் என்பது அவளுக்குப் பிடிபடவில்லை.

ஹினாட்டாவுக்கு அது பிடிபட்டிருந்தது. நிஞ்சாக்களின் பதவி உயர்வுக்கான சூனின் தேர்வின் இறுதிச் சுற்று நாள் காலையில், பயிற்சித் திடலில் அவளும் நருடோவும் பேசிக்கொள்வது ஞாபகம் இருக்கிறதா? ஊருக்கெல்லாம் நான்தான் ஊர்த்தலைவன் ஹொகாகே ஆவேன் என்று கத்துகிறவன், அவளிடம் மட்டும் அது வெளிவேஷம், உள்ளுக்குள் வெறுப்பாக இருக்கிறது என்று ஒத்துக்கொள்கிறான். நீ தோற்காதவன் என்று அவள் பொய் ஆறுதல் சொல்லவில்லை. தோற்றாய்தான், ஆனாலும் எழுந்து நிற்கிறாயே, அதுதான் பலம் என்கிறாள். அந்த வயதில் அவனை அப்படிப் பார்த்தவர்கள் எத்தனை பேர்?

வில்லன் பெய்னோடு நடந்த சண்டையில் ஹினாட்டா நருடோவைக் காக்க வந்து காதலைச் சொன்னதைப் பற்றி எல்லோரும் பேசிவிட்டார்கள், விடு. எனக்கு 615ஆம் அத்தியாயம்தான் முக்கியம். போரில் தோழன் நெஜி செத்துக் கிடக்கிறான். தோழர்களைச் சாக விடமாட்டேன் என்று நீ சொன்னது என்னவாயிற்று என்று எதிரி ஒபிடோ குத்திக் காட்டுகிறான். நருடோவின் கண்ணில் வெளிச்சமே போய்விடுகிறது. அப்போது ஹினாட்டா அவன் கன்னத்தில் ஒன்று வைக்கிறாள். செத்துக் கிடப்பவன் அவளுடைய சொந்த அண்ணன் முறை. அழ வேண்டியவளே அவள்தான். ஆனால் சொன்ன சொல்லை மீறாதே என்று அவனுடைய வார்த்தையையே அவனுக்குத் திருப்பிக் கொடுத்து, கையைப் பிடித்து எழுப்புகிறாள். சகுரா அந்த வாக்கை இறக்கி வைக்கச் சொன்னாள். இவள் கூடச் சேர்ந்து சுமக்க வந்தாள். என் கட்சி முழுக்க இந்த ஒரு இடத்தில்தான் நிற்கிறது அக்கா.

நருடோவின் அம்மா குஷினா தன்னைப் போல ஒரு பெண்ணைத் தேடச் சொன்னாளே, கோபத்திலும் குரலிலும் சகுரா அச்சு அசல் அவள்தானே என்பாய். சரி. ஆனால் குஷினாவுக்கு நருடோவின் அப்பா மினாட்டோமேல் காதல் வந்தது எப்படி? அவளைக் கடத்திக்கொண்டு போனபோது வழியில் உதிர்த்துப்போட்ட சிவப்பு முடியை அவன் ஒருவன்தான் கவனித்தான். யார் கண்ணிலும் படாததை ஒருவர் கண் பார்த்தது, அதுதான் அவர்கள் காதல். நருடோவின் வாழ்க்கையில் அப்படிப் பார்த்த கண் ஹினாட்டாவுடையது.

ஒரு விஷயத்தில் நான் உன் பக்கம். ஹினாட்டா காதலைச் சொன்ன பிறகு நருடோ அதைப் பற்றி வாயே திறக்காமல் அத்தனை அத்தியாயங்கள் ஓடியது பெரிய குறை. 2014 டிசம்பரில் வந்த 'தி லாஸ்ட்' படம் வந்துதான் அந்தக் கடனை அடைக்க வேண்டியிருந்தது. அதிலும், சாசுகேயிடம் தோற்கக் கூடாது என்றுதான் நருடோவுக்குச் சகுராவைப் பிடித்தது என்று ஒரு விளக்கம் கொடுக்கிறார்களே, அது எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. அந்தச் சின்னப் பையனின் ஆசை உண்மையானது. ஹினாட்டாவை உயர்த்த அதைப் பொய்யாக்கியிருக்க வேண்டியதில்லை.

அப்புறம், சகுராவுக்குச் சாசுகே பொருத்தமா என்று கேட்டால் நான் வாதாடவே வரமாட்டேன். அவள் அதைவிட நல்ல வாழ்க்கைக்குத் தகுதியானவள். அதைப் பற்றி நீ எழுது, முதல் ஆளாக வந்து படிக்கிறேன்.

அன்புடன்,
உன் தம்பி