தம்பிக்கு, உன் கிட்னி பற்றி

அன்புள்ள தம்பி,

இடுப்பு வலிக்கிறது, கிட்னி போய்விட்டதோ என்று பயமாக இருக்கிறது, ரத்தப் பரிசோதனையில் கிரியாட்டினின் என்ற கழிவு 1.3 வந்திருக்கிறது, வலிக்குத் தினமும் மாத்திரை போடுகிறேன் என்று போனில் ஒரே மூச்சில் கொட்டித் தீர்த்தாய். எனக்குக் கவலையாக இருப்பது நீ கடைசியாகப் போகிறபோக்கில் சொன்ன மாத்திரைதான். விலங்கியல் டீச்சரிடம் கேட்டுவிட்டாய், பதில் கொஞ்சம் நீளமாகத்தான் வரும்.

முதலில் இடத்தைப் பார்ப்போம். நீ கை வைத்துக் காட்டியது பெல்ட் கட்டும் இடம். சிறுநீரகம் அதற்கும் மேலே, முதுகெலும்பின் இரு பக்கமும், கடைசி இரண்டு விலா எலும்புகளின் மறைவில் இருக்கிறது. வலது பக்கம் கல்லீரல் அடைத்துக்கொண்டிருப்பதால் வலது சிறுநீரகம் சற்றே இறங்கியிருக்கும். கல் அடைத்து வருகிற வலி விலாவுக்குக் கீழே பிடித்துத் தொடை இடுக்கு வரை இறங்கும். உட்காரவும் விடாது, படுக்கவும் விடாது. குனிந்தால் கூடி, படுத்தால் குறைகிற உன் வலி பெரும்பாலும் தசை வலிதான். சிறுநீரகம் மெல்லக் கெடும்போது பொதுவாக வலிக்கவே வலிக்காது. அதுதான் அதில் உள்ள சங்கடம்.

பிளஸ் டூ பிள்ளைகளுக்குக் கறிக்கடையில் ஆட்டுக் குண்டிக்காய் வாங்கிப்போய் நீளவாக்கில் வெட்டிக் காட்டுவேன். வெளியே செம்பழுப்பாகக் கார்டெக்ஸ், உள்ளே மெல்லிய கோடுகளோடு மெடுல்லா, நடுவே கொழுப்பு படிந்த பள்ளம், அங்கிருந்து கிளம்பும் சிறுநீர் நாளம். மனிதனுக்கு மெடுல்லா பல கூம்புகளாகப் பிரிந்திருக்கும். ஆட்டுக்கு எல்லாம் ஒட்டி ஒரே மேடாகிவிடும். "படத்துல இருக்கிற கூம்பு எங்க டீச்சர்?" என்று ஒருத்தனாவது கேட்பான். கேட்கிறவனை எனக்குப் பிடிக்கும்.

நம் சிறுநீரகம் ஒன்று ஏறக்குறைய 150 கிராம். ஆனால் இதயம் தள்ளும் ரத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு, நிமிடத்துக்கு ஒரு லிட்டருக்கு மேல், இந்த இரண்டுக்கும்தான் போகிறது. ஒவ்வொன்றிலும் நெஃப்ரான் என்கிற நுண்ணிய வடிகட்டிகள் சுமார் 10 லட்சம். நெஃப்ரானின் தலைமாட்டில் நுண்ணிய ரத்தக் குழாய்கள் சுருண்டு கிடக்கும் கிளாமருலஸ், அதைச் சுற்றிப் பௌமானின் கிண்ணம். ரத்தத்தின் அழுத்தமே நீரையும் உப்பையும் சர்க்கரையையும் யூரியாவையும் அந்தக் கிண்ணத்துக்குள் தள்ளிவிடும். ரத்த அணுக்களும் பெரிய புரதங்களும் ரத்தத்திலேயே நின்றுவிடும். இப்படி ஒரு நாளைக்கு வடிவது 180 லிட்டர்! உடம்பில் உள்ள ரத்தமே ஐந்து லிட்டர் சொச்சம்தான். நாம் வெளியே விடுவதோ ஒன்று, ஒன்றரை லிட்டர். போகிக்கு வீட்டுச் சாமான் மொத்தத்தையும் வாசலில் இறக்கி, வேண்டியதை மட்டும் திரும்ப உள்ளே எடுத்து வைப்போமே, அந்த மாதிரி. முதலில் வரும் சுருண்ட குழலே மூன்றில் இரண்டு பங்கு நீரையும் உப்பையும், சர்க்கரை முழுவதையும் மீட்டுவிடுகிறது.

அடுத்து ஹென்லே வளைவு. மெடுல்லாவின் ஆழத்துக்கு இறங்கி ஏறுகிற இந்தக் குழல், போகிற வழியில் அங்கே உப்பைச் செறிவாகச் சேர்த்து வைக்கிறது. அதன் அருமை உன்னைப் போல வெயிலில் நிற்பவனுக்குத்தான் தெரிய வேண்டும். வியர்த்துக் கொட்டி உடம்பில் நீர் குறைந்ததும் மூளை ஏடிஎச் ஹார்மோனை அனுப்பும். அது வந்து சொன்னால், குழல்களின் கடைசியில் சிறுநீரைச் சேர்க்கும் சேகரிப்பு நாளத்தின் செல்களில் நீர் புகும் வழிகள் திறக்கும்; சேர்த்து வைத்த உப்பு அந்த நீரை இழுத்து உடம்புக்கே திருப்பிவிடும். மத்தியானம் உனக்கு அடர் மஞ்சளாக, கொஞ்சமாகப் போகிறது என்றாயே, அது இந்தச் சிக்கனம். ஆனால் எவ்வளவு சிக்கனம் பிடித்தாலும் கழிவைக் கரைத்து அனுப்ப நாளைக்கு அரை லிட்டராவது வேண்டும்.

சரி, மாத்திரைக்கு வருகிறேன். நீர் வற்றும்போது உடம்பு ரத்தக் குழாய்களை இறுக்கும். அந்த நேரத்தில் கிளாமருலஸுக்குள் போகும் உட்செல் நுண்தமனி மூடிக்கொள்ளாமல் விரித்துப் பிடித்திருப்பது புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள். டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் மாதிரி வலி மாத்திரைகள் எல்லாம் வலியைக் குறைப்பதே அந்தப் பொருளை உருவாகவிடாமல் தடுத்துத்தான். நன்றாகத் தண்ணீர் குடித்து ஏசி அறையில் இருக்கிற ஆரோக்கியமான ஆள் ஓரிரு நாள் போட்டால் பெரும்பாலும் சமாளித்துவிடும். நீ வெயிலில் வற்றிப்போய் நிற்கும்போது அதே மாத்திரையைப் போட்டால், சிறுநீரகத்துக்குக் கடைசியாக இருந்த பிடியையும் விடுவித்த மாதிரி ஆகிவிடும். நீ இருக்கும் கத்தாரில் ஜூன் முதல் செப்டம்பர் பாதி வரை காலை 10லிருந்து மாலை 3.30 வரை வெளிவேலைக்குத் தடை இருப்பது நல்லதுதான். மிச்ச நேரமும் அங்கே ஒன்றும் ஊட்டியாகிவிடாது. தாகம் வரட்டும் என்று இருக்காதே, இடையிடையே குடி.

கிரியாட்டினின் தசையிலிருந்து வரும் கழிவு. உன்னைப் போல ஜிம் உடம்புக்காரனுக்குக் கொஞ்சம் கூடத்தான் இருக்கும். முந்தின நாள் கறி தின்றாலும், தண்ணீர் குறைந்தாலும் ஏறும். அதனால் 1.3 என்பதை மட்டும் பார்த்துப் பயப்படாதே. அதற்காக அது நார்மல் என்றால் எல்லாம் சரி என்றும் இல்லை. சிறுநீரகத்தின் வேலைத்திறனில் பாதி போகும்வரைகூட அது எல்லைக்குள்ளேயே நிற்கலாம். சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம் இருக்கிறதா என்று பார்க்கச் சொல், கிளாமருலஸில் பழுது இருந்தால் அது அங்கே கசியும். பிபியும் பார். ரெனின் என்ற பொருளைச் சுரந்து பிபியைப் பிடித்து வைப்பதும் சிறுநீரகம், பிபி கூடினால் முதலில் அடிபடுவதில் ஒன்றும் அதே சிறுநீரகம்.

இந்த வாரமே டாக்டரிடம் போ. போகும்போது அந்த மாத்திரை அட்டையை எடுத்துக்கொண்டு போய், எத்தனை நாளாகப் போடுகிறாய் என்று மறைக்காமல் சொல். இடுப்பு வலிக்கு வேறு என்ன வழி என்று அவரையே கேள். அதுவரை ஒரு வலி மாத்திரையும் வேண்டாம்.

அன்புடன்,
அம்மா