லாவோஸில் என்ன இருக்கிறது?

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

லாவோஸின் தலைநகரம் வியன்டியானுக்கு நல்லபடியாக வந்து சேர்ந்துவிட்டேன். "தாய்லாந்து போதாதா, லாவோஸில் என்னம்மா இருக்கு?" என்று போனில் கேட்டாயே, அப்போது எனக்கே சரியாகத் தெரியாது. இப்போது கொஞ்சம் சொல்ல முடியும்.

பாங்காக்கிலிருந்து இரவு ரயிலில் தாய்லாந்து எல்லை ஊரான நோங்காய் வந்தேன். அங்கே பேருந்து ஏறி, மீகாங் ஆற்றின் மேல் 1994-ல் திறந்த நட்புப் பாலத்தைக் கடந்தேன். எல்லையிலேயே விசா கிடைத்துவிட்டது. டாலரும் ஒரு போட்டோவும் கையோடு வைத்துக்கொள். தாய்லாந்தில் வண்டிகள் நம் ஊர் போல இடப்பக்கம் போகும். பாலம் தாண்டினால் வலப்பக்கம். பணம் மாற்றினேன். ஒரு டாலருக்கு 20,000 கிப்புக்கு மேல் வருகிறது, ஒரு சாப்பாட்டுக்கே ஆயிரக்கணக்கில் எண்ணிக் கொடுக்க வேண்டும்.

முதுகுப்பையோடு தெருவில் இறங்கியதும் என்னை நிற்க வைத்தது இந்த ஊரின் அமைதிதான். ஒரு நாட்டின் தலைநகரம் இது. ஆனால் ஹாரன் அடிப்பவர் யாருமில்லை. டுக்டுக் என்ற ஆட்டோவை ஓட்டுபவர் ஒருவர் வண்டி வேண்டுமா என்று கேட்டார், வேண்டாமென்று தலையசைத்தேன், சிரித்துவிட்டுப் போய்விட்டார். விடுதியில் செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். வரவேற்பில் இருந்த பெண் கைகூப்பி 'சபாய்தீ' என்றாள், என் கையும் தானாகக் கூப்பிக்கொண்டது. புது இடம் என்ற பயம் அங்கேயே பாதி போய்விட்டது.

சாப்பாட்டைப் பற்றிச் சொல்லாவிட்டால் நீயே கேட்பாய். இவர்களுக்கு ஒட்டரிசிதான் எல்லாம். ஊறவைத்து, கூம்பு வடிவ மூங்கில் கூடையில் ஆவியில் வேகவைத்து, மூடி போட்ட சின்ன மூங்கில் பெட்டியில் தருகிறார்கள். கையால் கொஞ்சம் பிய்த்து, உருட்டி, சுட்ட மிளகாய்த் துவையலில் தொட்டுச் சாப்பிட வேண்டும். வெளிநாட்டில் கையால் சாப்பிடுவதை யாரும் திரும்பிப் பார்க்காத இடத்தில் உட்கார்ந்திருந்தது எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. பப்பாளிக்காய் சாலட்டில் புளிக்கவைத்த மீன் கரைசல் ஊற்றுவார்கள், வாடை பலமாக இருக்கும், ஆனால் ருசி பிடித்துவிட்டது. காலையில் பிரெஞ்சு ரொட்டி. இங்கே இருந்த பிரெஞ்சு ஆட்சி 1953-ல் போய்விட்டது, ரொட்டி மட்டும் தங்கிவிட்டது.

மதியம் பாதுசாய் என்ற பெரிய வளைவைப் பார்த்தேன். விமான நிலையம் கட்ட அமெரிக்கா கொடுத்த சிமென்ட்டில் எழுப்பியது. அதைவிட நீ பார்க்க வேண்டியது கோப் மையம். செயற்கைக் கால் செய்து கொடுக்கும் அமைப்பு அது. ஒரு பெரிய குண்டு வானில் திறந்து பல சிறுகுண்டுகளைச் சிதறவிடுமே, அந்தக் கொத்துக்குண்டுகள் கூரையிலிருந்து மழை போலத் தொங்குகின்றன. 1964 முதல் 1973 வரை அமெரிக்க விமானங்கள் இந்தச் சிறிய நாட்டின் மேல் 20 லட்சம் டன்னுக்கு மேல் குண்டு போட்டன. அவற்றுக்குள் இருந்த சிறுகுண்டுகள் மட்டும் சுமார் 27 கோடி. அதில் 30 சதவீதம் வரை வெடிக்காமல் மண்ணில் புதைந்துவிட்டன. இன்றும் வயல் கொத்துகிறவர்களும், பந்து என்று நினைத்து எடுக்கிற குழந்தைகளும் கை, கால், உயிர் இழக்கிறார்கள். கண்ணம்மா, எனக்கு அங்கே கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தது. நம் பள்ளிப் பாடத்தில் வியட்நாம் போர் என்று ஒரு வரி இருந்தது. லாவோஸ் என்ற பெயரே அதில் இல்லை. வாசலில் கைகூப்பிய அந்தப் பெண்ணின் தாத்தா பாட்டி அந்த ஒன்பது ஆண்டுகளை எங்கே, எப்படிக் கழித்தார்களோ என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் ஆற்றங்கரைக்குப் போனேன். கோடையை நோக்கி நீர் வற்றி, மணல் திட்டு நீண்டு கிடந்தது. அந்தப் பக்கம் தாய்லாந்து, அதன் பின்னால் சூரியன். கரையில் பெண்கள் வரிசையாக நின்று பாட்டுப் போட்டு உடற்பயிற்சி செய்தார்கள். நானும் பின் வரிசையில் சேர்ந்துகொண்டேன்.

அடுத்து வடக்கே லுவாங் பிரபாங் என்ற ஊர். 2021 கடைசியில் சீனா வரை போகும் ரயில் பாதை திறந்ததிலிருந்து, ஒரு நாள் முழுக்கப் பேருந்தில் குலுங்க வேண்டியதில்லை, இரண்டு மணி நேரம்தான்.

தெற்கே சம்பாசாக்கில் வாட் பூ என்று பழைய சிவன் கோயில் இருக்கிறது. மலை உச்சியே லிங்கம் போல நிற்குமாம், பாறைச் சுனையின் நீரைக் கால்வாய் வெட்டிக் கொண்டுவந்து கருவறை லிங்கத்தின் மேல் விழச் செய்திருந்தார்களாம். அங்கே நான் தனியாகப் போவதாக இல்லை. உன் ஆபீசில் லீவு கேள். பாங்காக் வரை விமானம், மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன். தேதி மட்டும் சீக்கிரம் சொல்லு.

அன்புடன்,
அம்மா