புது போர்வெல் தண்ணீர்

தர்மபுரி

அன்புள்ள செல்வம்,

கடிதம் கிடைத்தது. மருமகளுக்கு வேலை நிரந்தரமானதில் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. இங்கே மா காய்ப்பு இந்த ஆண்டு சுமார்தான்.

பென்னாகரம் தோட்டத்துப் புது போர்வெல் பற்றி எழுதியிருந்தாய். சோப்பு நன்றாக நுரைக்கிறது, பாத்திரத்தில் வெள்ளை படியவில்லை, இனி குடிக்கவும் அதுதான் என்று. அந்த வரியைப் படித்ததிலிருந்து மனம் நிலைகொள்ளவில்லை. நம் மாவட்டத்தில் நன்றாக நுரைக்கும் தண்ணீரைத்தான் நான் முதலில் சந்தேகிப்பேன். நன்றாக நுரைத்தால் அதில் கால்சியம் குறைவு என்று பொருள்; அப்படியென்றால், மிகுந்தால் பல்லைக் கெடுக்கும் புளோரைடு என்ற உப்பு அதில் கூடியிருக்கலாம்.

கால்சியமும் புளோரைடும் ஒரே தண்ணீரில் ஓர் எல்லைக்கு மேல் சேர்ந்திருக்காது. ஒன்று மிகுந்தால் மற்றது புளோர்ஸ்பார் என்ற கனிமமாகப் படிந்துவிடும். அந்தக் கனிமம் வெறும் தண்ணீரில்கூட லிட்டருக்கு ஏறத்தாழ 16 மில்லிகிராம்தான் கரையும். ஆகவே கால்சியம் மிகுந்த கடின நீரில் புளோரைடு அதிகம் ஏற முடியாது. கால்சியம் வெளியேறிவிட்டால் அந்தத் தடை போய்விடும்.

அந்தக் கால்சியம் எங்கே போகிறது என்பதை உன் தோட்டத்திலேயே பார்க்கலாம். ஓடைக்கரையில் கிடக்கும் சுக்கான் கல்லின் மேல் எலுமிச்சைச் சாறு இரண்டு சொட்டு விடு, பொசபொசவென்று நுரைக்கும். தண்ணீரிலிருந்து பிரிந்து படிந்த சுண்ணாம்பு அது. மழை குறைந்து வெயில் மிகுந்த நம் மண்ணில் இப்படிக் கால்சியம் படியப் படிய, மிஞ்சுவது சோடியமும் பைகார்பனேட்டும் கொண்ட காரத் தண்ணீர். பாறையிலுள்ள பயோடைட், ஹார்ன்பிளெண்டு போன்ற கனிமங்களில் புளோரைடு உட்கார்ந்திருக்கிறது. காரத் தண்ணீரிலுள்ள ஹைட்ராக்சில் என்ற அயனி ஏறத்தாழ புளோரைடின் அளவினதே என்பதால், அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டு புளோரைடை வெளியே தள்ளிவிடும். ஆழத்தில் பாறையோடு நெடுநாள் கிடந்த தண்ணீரென்றால் இன்னும் அதிகம் கரைந்திருக்கும்.

புளோரைடுக்கு நிறமில்லை, மணமில்லை, அந்த அளவில் ருசியும் தெரியாது. காய்ச்சினாலும் போகாது, ஆவி போகப் போகச் செறிவு கூடத்தான் செய்யும். லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை நல்லது. வேறு வழியே இல்லையென்றால் 1.5 வரை என்கிறது இந்தியத் தர அளவு.

என் கவலையெல்லாம் உன் பேரனைப் பற்றித்தான். நிலைப்பற்கள் ஈறுக்குள் உருவாகிக்கொண்டிருக்கும் வயது. இங்கே எத்தனை பிள்ளைகளின் முன்பற்களில் குறுக்கே சுண்ணாம்புக் கோடும் அதன்மேல் காவிக் கறையும் பார்த்திருக்கிறோம்! தேய்த்தால் போகிற கறையா அது? இதற்காகத்தானே 2013இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது.

குளிக்க, துவைக்க உன் போர்வெல் தாராளமாகப் போதும். குடிக்கவும் சமைக்கவும் மட்டும் ஒகேனக்கல் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளச் சொல். சுத்தமான பிளாஸ்டிக் பாட்டிலில் ஒரு லிட்டர் பிடித்து யாரிடமாவது கொடுத்தனுப்பு. குடிநீர் வாரிய ஆய்வகத்தில் நானே கொடுத்துவிடுகிறேன். முடிவு வந்ததும் போன் செய்கிறேன்.

தங்கச்சிக்கு என் விசாரிப்பைச் சொல்.

அன்புடன்,
மாதையன்