641-இல் உடைந்த எண்

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

4294967297 பகா எண்தான் என்று போனில் அடித்துச் சொன்னாய். நீ எழுதிய நிரலும் அதையே சொன்னதாம். நான் "இல்லை" என்று மட்டும் சொல்லிவிட்டேன். காரணம் சொல்லாத "இல்லை" உனக்குச் சிறு வயதிலிருந்தே பிடிக்காது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நீ நின்ற இடத்தில் பதினேழாம் நூற்றாண்டுப் பிரெஞ்சுக் கணிதர் ஃபெர்மாவும் நின்றிருக்கிறார். 2-இன் அடுக்கில் 1, 2, 4, 8, 16 என்று வைத்து, ஒவ்வொன்றோடும் 1 கூட்டு. 3, 5, 17, 257, 65537. ஐந்தும் பகா எண்கள். அடுத்த அடுக்கு 32. அதில் வருவது உன் எண். இந்த வரிசை முழுக்கப் பகா எண்களே என்று 1640 வாக்கில் அவர் நம்பினார். 1732-இல் சுவிஸ் கணிதர் ஆய்லர் உன் எண்ணை 641 × 6700417 என்று பிரித்துவிட்டார்.

இந்த எண்ணின் எந்தப் பகாக் காரணியையும் 64-ஆல் வகுத்தால் மீதி 1 வரும். ஆய்லரே நிறுவியது இது. அப்படிப்பட்ட பகா எண்களை எழுதிப் பார்: 193, 257, 449, 577, 641. ஐந்தாவது வகுத்தலிலேயே மீதியில்லாமல் போகிறது! தொண்ணூறு ஆண்டு நின்ற நம்பிக்கைக்கும் உண்மைக்கும் நடுவே இருந்தது அவ்வளவுதான். எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு மனம் பதறும்.

வகுக்காமலும் காட்டலாம். 641 என்பது 5×2⁷ + 1. அதுவே 5⁴ + 2⁴-உம்கூட. 5×2⁷-ஐ 641-ஆல் வகுத்தால் மீதி −1, அதாவது முழுதாக வகுபட ஒன்று குறைகிறது. நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால் 5⁴×2²⁸, மீதி 1. 5⁴ + 2⁴ 641 என்பதால் 5⁴-க்கும் −2⁴-க்கும் மீதி ஒன்றே; அதில் 5⁴ இருக்கும் இடத்தில் −2⁴ போடு. −2³²-க்கு மீதி 1. அப்படியென்றால் 2³² + 1 மீதியின்றி வகுபடுகிறது.

இனி உன் நிரல். 2-ஐ மட்டும் வைத்து ஃபெர்மாவின் சோதனையைச் செய்திருப்பாய்: எண்ணில் 1 குறைத்து, 2-ஐ அந்த அடுக்குக்கு உயர்த்தி, எண்ணால் வகு; எண் பகா எண் என்றால் மீதி 1 வர வேண்டும். உன் எண்ணால் வகுக்க 2³²-க்கு மீதி −1, 2⁶⁴-க்கு 1. சோதனையில் வரும் அடுக்கு 2³², அது 64-இன் மடங்கு, ஆகவே மீதி 1 வந்தே தீரும். இதைப் போலிப் பகா எண் என்பார்கள். 2-க்குப் பதில் 3 போட்டால் உடனே தெரிந்துவிடும். நிரலில் தவறில்லை, ஒரு சாட்சியோடு நிறுத்திக்கொண்டாய்.

 

எனக்கு மிகவும் பிடித்ததைக் கடைசியில் வைத்திருக்கிறேன். இரு வர்க்கங்களின் கூட்டலாகப் பகா எண்ணை எழுத முடிந்தால், ஒரு வழியில்தான் முடியும். இதுவோ 65536² + 1², 62264² + 20449² என்று இரண்டு வழியில் வருகிறது. 65536 − 62264, 20449 − 1 இரண்டின் மீப்பெரு பொதுக் காரணியை எடு. கழித்தலைக் கூட்டலாக்கி இன்னொன்றும் எடு. கிடைத்த இரண்டையும் பாதியாக்கி, வர்க்கங்களைக் கூட்டு.

என்ன வந்தது என்று எழுது.

அம்மா