மாய் போவில் மதகுப் பலகை தூக்கியவர்களுக்கு ஒரு நன்றி மடல்

ஹாங்காங்கின் மாய் போ ஈரநிலப் பறவைக் காப்பகத்தில் மதகு பார்ப்பவர்களுக்கும், நாணல் அறுப்பவர்களுக்கும், வேலிக்கு வெளியே மீன் வளர்க்கும் குளத்துக்காரர்களுக்கும் வணக்கம்.

மார்ச் முடிந்துவிட்டது. குளிர்காலத்துக்கு வந்த கருமுகக் கரண்டிவாயன் பறவைகள் வடக்கே கொரியக் கரையோரத் தீவுகளுக்குக் கிளம்பிவிட்டன. படம் எடுத்தவர்களுக்குப் பாராட்டு குவிகிறது. பலகை தூக்கியவர்களுக்கு ஒன்றையும் காணோம். அதனால்தான் இந்த மடல்.

கெய் வாய் என்பது 1940களில் அலையாத்திக் காட்டைக் கரை கட்டி வளைத்த இறால் குளம். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 10 ஹெக்டேர். கடல் ஏற்றத்தில் மதகுப் பலகையை எடுத்தால் டீப் பே குடாத் தண்ணீரோடு குஞ்சு இறாலும் உள்ளே வரும். தீனி போடுவதில்லை, உதிர்ந்து மக்கும் இலையே போதும். கோடையில் இரவில் கடல் வற்றத்தின்போது மதகு வாயில் வலை கட்டி இறால் பிடிப்பீர்கள். நவம்பர் முதல் மார்ச் வரை வேலையே வேறு: பறவைகளுக்காக ஒரு குளம் மாற்றி ஒரு குளமாக வடிக்க வேண்டும். எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் வடித்துவிட்டால் ஜனவரியில் பறவைக்குப் பட்டினிதான்.

வடிப்பதிலும் நிதானம் வேண்டும். மேல் பலகையிலிருந்து ஒவ்வொன்றாக, வற்றம் பார்த்து எடுத்தீர்கள். அவசரப்பட்டிருந்தால் பாதி மீன் குடாவுக்கே போயிருக்கும், மீதி சேற்றில் செத்து நாறியிருக்கும். கரண்டிவாயன் கண்ணால் பார்த்து இரை பிடிப்பதைவிடத் துழாவிப் பிடிப்பதுதான் அதிகம். அலகைச் சற்றே திறந்து இடமும் வலமும் வீசி, பட்டதைக் கவ்வும். மீன் நெருங்கிக் கிடக்கும் ஒரு சாண் தண்ணீர் அதற்கு வாகு, ஒரு முழம் ஆகாது. சிறு கரைப்பறவையான உள்ளானுக்கோ நாலு விரல் போதும்.

அதற்காக அடியோடு காயவிடவும் முடியாது. அலையாத்திச் சேற்றில் இரும்பும் கந்தகமும் சேர்ந்த பைரைட் உண்டு. காற்றுப் பட்டால் அமிலமாகும்; அடுத்த மழையில் கரைந்து இறங்கி மீனையும் இறாலையும் ஒருகை பார்த்துவிடும். சேறு வெடிக்குமுன் தண்ணீர் விட்டவர்களுக்கும், கரையில் நண்டு வளைகளைத் தேடி மண் அடைத்தவர்களுக்கும் கூடுதல் நன்றி. ஒரு வளை கசிந்து பெருத்தால் வடித்ததெல்லாம் வீண்.

செத்த மீனை அள்ளிய கைகளை மறக்கவே முடியாது. 2002-03 குளிர்காலத்தில் தைவானில் பாட்டுலிசம் நஞ்சால் 73 கரண்டிவாயன்கள் மடிந்தன. காற்றுப் புகாத சேற்றிலும் அழுகும் உடல்களிலும் அந்த நஞ்சுக் கிருமி பெருகும். நாற்றம் பிடித்த வேலைதான். ஆனால் அதைத் தள்ளிப்போட முடியாது.

நாணலைத் திட்டுத் திட்டாக அறுத்தது சரியான முடிவு. மொத்தமாக அறுத்தால் உள்ளே ஒதுங்கும் சிறு பறவைகளுக்கு இடமில்லை; அறுக்காமலே விட்டால் சருகு மண்டித் திறந்த நீர் மூடிப்போகும். சேற்றுவெளியில் முளைத்த அலையாத்திக் கன்றுகளைப் பிடுங்கியதைப் பார்த்து, “மரத்தைப் பிடுங்குகிறார்களே” என்று சிலர் முகம் சுளித்தார்கள். கன்று மரமானால் கரைப்பறவைகள் மேயும் வெளி போச்சு. (அங்குள்ள அலையாத்தி வகையான கண்டேலியாவின் பெயரே மலபார்க் கரையின் ‘கண்டல்’ என்பதிலிருந்து வந்ததுதான்.) புல்லை மேய்ந்து மட்டமாக வைத்த எருமைகளுக்கும் நன்றி, அவை இதைப் படிக்கப்போவதில்லை.

குளத்துக்காரர்களே, கெண்டையும் மடவையும் பிடித்தபின் உடனே குளத்தை நிரப்பாமல், விலைபோகாத பொடிமீனோடு சில நாள் தாழ்நீரில் விட்டுவைத்தீர்கள். காப்பகத்துக்குள் இரை குறையும் நாட்களில் பறவைகள் உங்களிடம்தான் வந்தன. 1990 வாக்கில் உலகிலேயே முந்நூறு அளவில் இருந்த கருமுகக் கரண்டிவாயன், 2023 ஜனவரிக் கணக்கெடுப்பில் 6,603. பல நாடுகளின் உழைப்பு அது. உங்கள் பொடிமீனுக்கும் அதில் பங்குண்டு.

வரும் நவம்பரில் முதல் பலகை எடுக்கும் வாரத்தைச் சொல்லியனுப்புங்கள். அனுமதிச் சீட்டு, வாளி, கையுறையோடு வந்துவிடுகிறோம்.

அன்புடன்,
மாய் போவில் பறவை பார்க்கும் தமிழ் நண்பர்கள்