தமிழ் வழிப் பிள்ளைகளுக்கும் டிவியில் பாடம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கேரளத்தில் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு பள்ளியில் தமிழ் வழி வகுப்பு எடுக்கிற டீச்சர் நான். போன வாரம் எட்டாம் வகுப்பில் கேரள அரசின் கல்விச் சேனலான கைட் விக்டர்ஸின் மலையாளப் பாடம் ஒன்றைப் போட்டுக் காட்டினேன். இலை எப்படித் தனக்கு வேண்டிய உணவைத் தயாரிக்கிறது என்பதைப் படங்களோடு அவ்வளவு தெளிவாகச் சொன்னார்கள், பிள்ளைகள் கண் எடுக்காமல் பார்த்தார்கள். அப்புறம் நோட்டை வாங்கிப் பார்த்தால், ஒரு பெண் 'பிரகாச சம்ஸ்லேஷணம்' என்று காதில் விழுந்த மலையாளத்தை அப்படியே தமிழ் எழுத்தில் எழுதி அடிக்கோடும் போட்டிருக்கிறாள். அவள் புத்தகத்தில் அது ஒளிச்சேர்க்கை. இரண்டும் ஒன்றுதான் என்று அவளுக்குத் தெரியவில்லை. கணக்கில் 'பரப்பளவு' என்று வந்தால் இரண்டு மொழிக்கும் ஒரே சொல், உடனே பிடித்துக்கொள்கிறார்கள். அறிவியலில் அப்படி நடப்பதில்லை.

தமிழ்நாட்டின் கல்வித் தொலைக்காட்சியைப் பார்க்கலாமே என்று பலர் கேட்கிறார்கள். பார்க்கிறோம். 2019-ல் அது தொடங்கியபோது எங்களுக்கும் சந்தோஷம்தான். ஆனால் எங்கள் பிள்ளைகள் படிப்பது கேரளப் பாடத்திட்டம், அதைத்தான் தமிழில் படிக்கிறார்கள். பாட வரிசை வேறு, இங்கே ஓணப் பரீட்சை என்றால் அங்கே காலாண்டுத் தேர்வு. மொழி பொருந்துகிற இடத்தில் பாடம் பொருந்தவில்லை, பாடம் பொருந்துகிற இடத்தில் மொழி பொருந்தவில்லை.

கருவிக்குக் குறையில்லை. கேரளத்தில் 8 முதல் 12 வரையிலான 45,000 வகுப்பறைகளுக்கு லேப்டாப்பும் புரொஜக்டரும் வந்துவிட்டன. ஆள் இல்லை என்றும் சொல்ல முடியாது. கொரோனாவால் பள்ளிகள் மூடியிருந்த 2020 ஜூனில் விக்டர்ஸில் 'ஃபர்ஸ்ட் பெல்' என்ற டிவி வகுப்புகள் தொடங்கிய பிறகு தமிழிலும் கன்னடத்திலும் பாடங்கள் எடுக்கப்பட்டன, எடுத்தவர்கள் எங்களைப் போன்ற ஆசிரியர்கள்தான். நாங்கள் அவற்றை யூடியூபில் தேடிப் பார்த்தோம். ஆனால் வீட்டில் இருப்பது ஒரே ஒரு போன், அதையும் அப்பா காலையில் தோப்பு வேலைக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டால் பிள்ளை எதில் பார்க்கும்? டிவி என்றால் இந்தத் தொல்லை இல்லை, அக்காவும் தம்பியும் சேர்ந்து உட்கார்ந்து பார்ப்பார்கள், பாட்டியும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்பார்.

அதனால் கேட்கிறேன். விக்டர்ஸில் தினமும் சாயங்காலம் ஏழு மணிக்கு ஒரு மணி நேரம் தமிழ் வழிக்கென்று நிரந்தரமாக ஒதுக்குங்கள். சித்தூர் தாலுகாவுக்கும் மூணாறு, பீர்மேடு எஸ்டேட்டுகளில் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயங்களுக்கும் அது போய்ச் சேரட்டும். அதோடு, தமிழ்நாட்டுப் பாடக் காணொளிகளில் எது எங்கள் எந்தப் பாடத்துக்கு உதவும் என்று ஒரு பட்டியல் வேண்டும், இரு மாநில ஆசிரியர்களும் நாலு நாள் சேர்ந்து உட்கார்ந்தால் முடிகிற வேலை அது. மலையாளக் கலைச்சொல்லுக்குப் பக்கத்திலேயே தமிழ்ச் சொல்லும் திரையில் ஓடினால் இன்னும் நல்லது.

எல்லாவற்றையும் ஒரேயடியாகச் செய்ய முடியாது என்றால் சரி, பத்தாம் வகுப்புக் கணக்கையும் அறிவியலையும் மட்டுமாவது இந்த ஓணப் பரீட்சைக்கு முன்னால் தொடங்குங்கள்.

இப்படிக்கு,
தமிழ் வழி ஆசிரியை ஒருவர்,
கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்.